சத்தம் வருது, படம் வரலை: விஎல்சியா, கே-லைட்டா, மைக்ரோசாப்ட் ஸ்டோரா?

காரைக்குடி பக்கம் தை பொறந்துட்டா கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, புதுமனைன்னு வரிசையா வந்துரும், கூடவே ஸ்டுடியோக்காரங்க குடுக்குற பென் டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும் வீடு வீடா சுத்த ஆரம்பிச்சுரும். சிராவயல் மஞ்சுவிரட்டு முடிஞ்ச கையோட "வாட்ஸ்அப் வேணாம்ணே, கிளாரிட்டி போயிரும், ஒரிஜினலாவே குடுங்க"ன்னு பசங்க ஐபோன் வீடியோவ அப்படியே காப்பி பண்ணிட்டுப் போவாங்க. அதுக்கப்புறம் நமக்கு வர்ற போன் ரெண்டே தினுசுதான். ஒண்ணு, "தம்பி, சத்தம் வருது, படம் வரலையே". இன்னொண்ணு, "அண்ணே, படம் வருது, ஆனா மாடு நின்னு நின்னு ஓடுது". மொதல் கேசு கோடெக், அதாவது வீடியோவச் சுருக்கி வெக்கவும் திரும்பப் பிரிச்சுக் காட்டவும் உள்ள முறை, மிஷின்ல இல்லாததால வர்றது, ரெண்டாவது கேசு கோடெக் இருந்தும் மிஷினு தாங்காததால வர்றது. இத பிரிச்சுப் பாக்காம எல்லாத்துக்கும் "ஒரு கோடெக் பேக் போட்ருங்க"ன்னு சொல்றது நம்ம பக்கம் பழக்கமாப் போச்சு, அதுக்காகத்தான் இத்தன நீளமா எழுதுறேன்.

எம்பி4, எம்கேவி, எம்ஓவி, ஏவிஐ இதெல்லாம் ஃபைலோட வெளிக்கூடு மட்டும்தான், டின்னு மேல முறுக்குன்னு எழுதியிருக்கும், தொறந்தா உள்ள சீப்புச்சீடை இருக்கும், அந்த மாதிரி. ஒரே எம்பி4-க்குள்ள ஹெச்.264-ங்குற கோடெக்கும் இருக்கலாம், ஹெச்.265-ம் இருக்கலாம். மொதல் சொன்னது 2003-ல வந்தது, இன்னைக்கு கிட்டத்தட்ட எல்லா டிவி, கம்ப்யூட்டர்லயும் ஓடிரும். ஹெச்.265, அதாவது ஹெச்இவிசி, 2013-ல வந்தது, அதே கிளாரிட்டிக்கு சுமார் பாதி எடம்தான் புடிக்கும், ஆனா பிரிச்சுக் காட்டுறதுக்கு கம்ப்யூட்டர் ரொம்ப மெனக்கெடணும். 2017-ல ஐஓஎஸ் 11 வந்ததுலருந்து ஐபோன் 7-ம் அதுக்கு மேல உள்ளதும் இதுலதான் எடுக்குது. அதனால மொதல் வேலை, மீடியாஇன்ஃபோன்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம்தான், அதுல ஃபைல இழுத்துப் போட்டா உள்ள என்ன கோடெக், கலர் எத்தன பிட், நொடிக்கு எத்தன ஃப்ரேம்னு புட்டுப் புட்டு வெச்சிரும். பேர மாத்தி எம்ஓவிய எம்பி4-ன்னு போட்டா ஓடிரும்னு இன்னமும் சில பேரு செஞ்சுட்டு இருக்காங்க, கூட்டுக்குப் பேரு மாறும், உள்ள ஒண்ணும் மாறாது.

இப்ப தலைப்புல சொன்ன மூணு பேரோட போட்டிக்கு வருவோம். விஎல்சிங்குறது ஒரு வீடியோ பிளேயர், ரோட்டுல வைப்பாங்களே அந்த ஆரஞ்சு கலர் கூம்பு ஐகான், அது பாரிஸ்ல எக்கோல் சென்ட்ரால்னு ஒரு காலேஜ்ல பசங்க 1996-ல ப்ராஜெக்டா ஆரம்பிச்சது, 2001-ல ஓப்பன் சோர்ஸாக் குடுத்தாங்க. இதோட பெரிய பலம் என்னன்னா தனக்கு வேண்டிய கோடெக் எல்லாத்தையும் தானே வயித்துக்குள்ள வெச்சிருக்கும், விண்டோஸ்கிட்ட எதையும் கேக்காது, விண்டோஸுக்கு எதையும் குடுக்கவும் செய்யாது. கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சி, புள்ளைங்க எல்லாம் மலேசியாவுல, அத்தன பெரிய வீட்டுல முகப்புல ஒரு பழைய டெஸ்க்டாப், அதுல பேரன் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்த வீடியோவப் பாக்கணும், அவங்களுக்கு விஎல்சி தவிர வேற எதயும் நான் போட மாட்டேன். அவங்க டபுள் கிளிக் பண்ணணும், படம் வரணும், அவ்வளவுதான். சவுண்டையும் 125 சதவீதம் வரைக்கும் ஏத்தலாம்ங்கிறது காது கொஞ்சம் மந்தமானவங்களுக்குப் பெரிய உபகாரம். கம்பன் விழாப் பேச்சுன்னு யாராவது எடுத்துட்டு வர்ற பழைய விசிடிக்குள்ள இருக்குற டிஏடி ஃபைல், கல்யாண டிவிடிக்குள்ள இருக்குற விஓபி, பழைய ஹேண்டிகேம்ல இருக்குற எம்டிஎஸ், காப்பியாகும்போது பாதில நின்னுபோன ஃபைல்னு எதப் போட்டாலும் மூஞ்சி சுளிக்காது.

குறைன்னு பாத்தா, ஒரு ஃப்ரேம் முன்னாடி போறதுக்கு ஈ பட்டன் இருக்கு, ஒரு ஃப்ரேம் பின்னாடி வர்றதுக்கு விஎல்சி 3-ல வழியில்ல. வீட்டுல பாக்குறவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல, ஆனா வீடியோலருந்து தாலி கட்டுற அந்த ஒத்த ஃப்ரேமப் புடிச்சு ஆல்பத்துக்கு எடுக்கணும்னு உக்காந்திருக்குற டிசைனருக்கு இது தலைவலி, தாண்டிப் போயிருச்சுன்னா மறுபடி கொஞ்சம் பின்னாடி போயி ஒவ்வொண்ணாத் தட்டிட்டு வரணும். இன்னொண்ணு, புது ஐபோன்ல வெளிச்சமும் நிழலும் கூடுதலாத் தெரியுற மாதிரி எடுக்குற ஹெச்டிஆர் வீடியோவுக்கு விஎல்சில கலர் சில நேரம் வெளுத்த மாதிரி வரும், முகூர்த்தப் பட்டு அரக்குச் செவப்புல இருக்கவேண்டியது சாயம் போன மாதிரி தெரிஞ்சா ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுராதீங்க.

கே-லைட் கோடெக் பேக் இதுக்கு நேர் எதிர். இது பிளேயர் இல்ல, விண்டோஸுக்கே மொழி கத்துக்குடுக்குற சமாச்சாரம். டைரக்ட்ஷோன்னு வீடியோ ஓட்டுறதுக்கு விண்டோஸ்ல ஒரு ஏற்பாடு உண்டு, அதுல இது எல்ஏவி ஃபில்டர்ஸ்ங்குற கோடெக் கூட்டத்த கொண்டுபோய் உக்கார வெச்சிரும், அப்புறம் டைரக்ட்ஷோவ நம்பி இருக்குற எந்த பிளேயர்லயும் அந்த ஃபைல் ஓடும். பேசிக், ஸ்டாண்டர்ட், ஃபுல், மெகான்னு நாலு சைஸ்ல வரும். பெருசு நல்லதுன்னு எல்லாரும் மெகாவத்தான் இறக்குறாங்க, தேவையே இல்ல. பேசிக்ல பிளேயர் கிடையாது, ஸ்டாண்டர்ட்ல எம்பிசி-ஹெச்சின்னு ஒரு பிளேயர் கூடவே வரும், மெகால கூடுதலா இருக்குறது பெரும்பாலும் எடிட்டிங், என்கோடிங்குக்கு வேண்டிய பழைய விஎஃப்டபிள்யூ, அதாவது வீடியோ ஃபார் விண்டோஸ், கோடெக் வகையறா. ஸ்டாண்டர்ட் போதும், போதும்னா போதும்.

அந்த எம்பிசி-ஹெச்சிக்காகவே ஸ்டுடியோவுல உக்காந்திருக்குறவங்களுக்கு நான் கே-லைட்டத்தான் சொல்லுவேன். கண்ட்ரோல் புடிச்சுட்டு வலது ஆரோ தட்டுனா ஒரு ஃப்ரேம் முன்ன, இடது ஆரோ தட்டுனா ஒரு ஃப்ரேம் பின்ன, மேல சொன்ன தாலி ஃப்ரேம் பிரச்சனை அதோட தீந்துச்சு. பாக்க பழைய விண்டோஸ் பிளேயர் மாதிரி மொக்கையா இருக்கும், அலங்காரம் ஒண்ணும் கிடையாது, ஆனா பழைய மிஷின்லயும் டக்குன்னு தொறக்கும். இதோட ஒரிஜினல் டீம் 2017-ல வேலைய நிறுத்திட்டாங்க, அப்புறம் வேற ஒருத்தர் எடுத்து தொடர்ந்து அப்டேட் குடுத்துட்டு வர்றாரு, அதனால ‘அது செத்துப்போன சாஃப்ட்வேர்’னு யாராவது சொன்னா நம்ப வேணாம்.

ஆனா கே-லைட்டுல வர்ற வம்பு விஎல்சில வராது, இத கொஞ்சம் வெலாவாரியா சொல்லணும். டைரக்ட்ஷோவுல ஒவ்வொரு ஃபில்டருக்கும் மெரிட்னு ஒரு நம்பர் உண்டு, ஃபைல் தொறக்கும்போது யாருக்கு மெரிட் கூடவோ அவன்தான் முன்னாடி வந்து நிப்பான். ஏற்கனவே ஒரு பேக் இருக்குற மிஷின்ல படம் வரலன்னு இன்னொரு பேக் போட்டு, அதுலயும் வரலன்னு மூணாவதும் போட்டு வெச்சிருப்பாங்க, எவன் எவன முந்துறான்னே தெரியாது, படம் தலகீழா நிக்கும், இல்ல சத்தம் ஒரு பக்கம் படம் ஒரு பக்கம் போகும். செக்காலை ரோட்டுல ஒரு கடைல விண்டோஸ் போட்டுக் குடுக்கும்போதே கூடவே ரெண்டு பேக் போட்டுத்தான் அனுப்புவாங்க, அது ஒரு சடங்கு மாதிரி. அப்படி வந்த மிஷின்ல மொதல்ல கண்ட்ரோல் பேனலுக்குப் போயி பழசு அத்தனையையும் அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணி அப்புறம் ஒரே ஒரு பேக் மட்டும் போடுங்க. கே-லைட்டோடயே கோடெக் ட்வீக் டூல்னு ஒண்ணு வரும், ஒடஞ்சுபோன பழைய ஃபில்டர்களத் தேடிப் புடிச்சு எடுக்க அது உதவும்.

கே-லைட் போட்டும் விண்டோஸ் 11-ல புதுசா வர்ற மீடியா பிளேயர்ல ஹெச்.265 ஓடலியேன்னு கேக்குறாங்க. ஓடாது. அந்த ஆப்பு டைரக்ட்ஷோவ எட்டிக்கூடப் பாக்காது, அதுக்கு வேற பாதை, மீடியா ஃபவுண்டேஷன்னு பேரு. அங்கதான் மூணாவது ஆளு வர்றாரு, மைக்ரோசாப்ட் ஸ்டோர்ல இருக்குற ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ். அமெரிக்கக் கணக்குல 99 சென்ட். காசு பெரிய காசில்ல, ஆனா அதுக்கு மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் வேணும், பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கணும், பணம் கட்ட கார்டு வேணும், நம்ம ஆச்சி வீட்டுல இதெல்லாம் நடக்குற காரியமா. அப்புறம் எதுக்கு அது? ஐபோன் போட்டோவுக்கு. வீடியோ மட்டும் இல்ல, போட்டோவும் ஹெச்இஐசின்னு ஒரு ஃபார்மட்ல வருது, அத விண்டோஸ் போட்டோஸ் ஆப்புல பாக்க ஸ்டோர்ல இலவசமாக் கிடைக்குற ஹெச்இஐஎஃப் எக்ஸ்டென்ஷனோட இந்த காசு குடுக்குற ஹெச்இவிசியும் சேந்து வேணும், விஎல்சியப் போட்டா இது தீராது. வீடு முழுக்க ஐபோன், லேப்டாப்பும் புதுசுன்னா யோசிக்காம அந்தக் காசக் கட்டிருங்க, ஃபோல்டர்ல சின்னச் சின்னப் படமாவும் தெரியும். ஏவி1-க்கும் எம்பெக்-2-க்கும் அதே ஸ்டோர்ல எக்ஸ்டென்ஷன் இலவசமாவே இருக்கு.

இப்ப மாடு நின்னு நின்னு ஓடுற கேசு. 4கே, 60 ஃப்ரேம், ஹெச்.265, இத 2012-ல வாங்குன லேப்டாப்புல போட்டா மேல சொன்ன மூணு பேருல ஒருத்தராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, எல்லாரும் சிபியு முதுகுலதான் ஏறி உக்காருவாங்க, ஃபேன் ஊய்னு கத்தும், வாடிவாசல்ல கெளம்புன மாடு திட்டுத்திட்டா நவுரும். இன்டெல்லுல ஆறாவது ஜெனரேஷன், 2015-ல வந்தது, அதுலதான் 8 பிட் ஹெச்.265-அ சிப்பே நேரடியாப் பிரிக்க ஆரம்பிச்சது, 10 பிட்டுக்கு ஏழாவது ஜெனரேஷன் வேணும். ஐபோன் 12-லருந்து ஹெச்டிஆர் ஆன்ல இருந்தா 10 பிட்டுதான். ஐ5-க்கு பக்கத்துல இருக்குற நம்பர் 7200-ன்னா ஏழாவது, 4200-ன்னா நாலாவது, லேப்டாப் ஸ்டிக்கர்ல இல்லன்னா சிஸ்டம் ப்ராப்பர்டீஸ்ல பாருங்க. மிஷினு ஏழாவதுக்கு மேல இருந்தும் தெணறுச்சுன்னா விஎல்சி ப்ரிஃபரன்ஸஸ்ல இன்புட்/கோடெக்ஸ்க்குள்ள ஹார்ட்வேர் டிகோடிங் ஆஃப்ல கெடக்கான்னு பாருங்க, அப்புறம் கிராபிக்ஸ் டிரைவர அப்டேட் பண்ணிப் பாருங்க.

பழைய மிஷினுக்கு இருக்குற ஒரே வழி வீடியோவ லேசான கோடெக்குக்கு மாத்திக் குடுக்குறது. ஹேண்ட்பிரேக்னு இலவச சாஃப்ட்வேர், அதுல ஃபாஸ்ட் 1080பி30-ன்னு ரெடியா ஒரு செட்டிங் இருக்கு, அதப் போட்டா ஹெச்.264 எம்பி4-ஆ வந்துரும், பெரும்பாலான டிவிலயும் ஓடும். அந்த வேலைய அந்த ஓட்ட லேப்டாப்புலயே போடாதீங்க, விடியிற வரைக்கும் ஓடும், புது மிஷின் வெச்சிருக்குற யார்கிட்டயாவது குடுத்து மாத்திக்கங்க. ஒரிஜினல அழிக்காம வெச்சுக்கங்க. இனிமே எடுக்கப்போறதுக்கு, ஐபோன் செட்டிங்ஸ்ல கேமரா, ஃபார்மட்ஸ், அதுல மோஸ்ட் கம்பாட்டிபிள்னு மாத்திட்டா ஹெச்.264-லயே பதிவாகும், ஆனா 4கே 60 எடுக்கணும்னா ஹெச்.265-தான் வேணும்னு போனே அடம்புடிக்கும், 1080-ல எடுங்க.

பாட்பிளேயர், எம்பிவி மாதிரி மத்த பிளேயரெல்லாம் எங்கன்னு கேப்பீங்க. எம்பிவி அருமையான சாமான், ஆனா செட்டிங்ஸ டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதணும், அழகப்பா யுனிவர்சிட்டில படிக்குற பசங்களுக்குச் சரிவரும். பாட்பிளேயர் கொரியாக்காரங்களோடது, மெனுவுக்குள்ள மெனுன்னு போய்க்கிட்டே இருக்கும், நமக்கு ஒத்துவரல. கவர்மெண்ட் குடுத்த இலவச லேப்டாப்புல லினக்ஸ் வெச்சிருக்குறவங்களுக்கு கோடெக் பேக்குங்குற பேச்சே கிடையாது, விஎல்சி போட்டுட்டு நிம்மதியா இருங்க.

கடைசியா இறக்குற இடம். விஎல்சிக்கு வீடியோலேன் டாட் ஆர்க், கே-லைட்டுக்கு கோடெக்கைடு டாட் காம், இந்த ரெண்டத் தவிர கூகுள்ல மேல விளம்பரமா வர்றது, பச்சைக் கலர்ல டவுன்லோடுன்னு மினுக்குறது எதுவும் வேணாம். படம் பாக்குற ஏதோ ஒரு சைட்டுல "இத பாக்க புது கோடெக் வேணும், இங்க அமுக்கு"ன்னு வந்துச்சுன்னா அது கோடெக்கே இல்ல, 2005, 2006 வாக்குல ஸ்லாப்னு ஒரு ட்ரோஜன் வைரஸ் இப்படி வீடியோ கோடெக் வேஷம் போட்டுத்தான் ஊரெல்லாம் பரவுச்சு, வித்தை பழசு, இன்னமும் ஆளுங்க விழுறாங்க. விஎல்சில ஓடாத ஃபைல் ஒண்ணு அப்படிக் கேட்டா ஃபைலையே தூக்கிப் போட்டுருங்க.