குதிகால் வலியோடு 16 மாதங்கள்: எனக்கு எது உதவியது, எது உதவவில்லை

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில், குதிகாலின் உட்பக்கமாக ஆணி ஏறியதுபோல் ஒரு குத்து. பத்துப் பதினைந்து அடி நடந்தால் தணியும். நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி அதே குத்து. இதைச் சொன்னதும் மருத்துவர் கால் பெருவிரலை மேலே வளைத்துப் பிடித்துக்கொண்டு குதிகாலில் ஓர் இடத்தை அழுத்தினார். உயிர் போய் உயிர் வந்தது. 'பிளான்டார் ஃபேசியைடிஸ்' என்றார். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை ஓடும் தடித்த திசுப்பட்டைதான் பாத வளைவை வில்லின் நாண்போல் தாங்குகிறது. அந்தப் பட்டை எலும்போடு ஒட்டும் இடத்தில்தான் கோளாறு.

எக்ஸ்ரேயில் குதிகால் முள், அதாவது குதிகால் எலும்பில் முள்போல் நீண்ட சிறு எலும்பு வளர்ச்சி, தெரிந்தது. அதைப் பார்த்துப் பயந்து, முள்ளை எடுத்தால்தான் தீரும் என்று நான்கு மாதங்களை வீணாக்கினேன். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கும். நோயின் பெயரில் வரும் 'ஐடிஸ்' என்பதற்கு அழற்சி என்று பொருள் என்றாலும், 2003இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவை சிகிச்சையில் எடுத்த 50 திசு மாதிரிகளைப் பார்த்தபோது அழற்சியைக் காணவில்லை. திசுச் சிதைவைத்தான் கண்டார்கள். வலி மாத்திரை வலியை மட்டும் அடக்கியது ஏன் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நைந்த பட்டை மெல்ல மெல்லத்தான் தேறும்.

செருப்புக்குள் குதிகாலுக்கு அடியில் வைக்கும் மெத்தையான சிலிகான் ஹீல் கப் முதல் மாதம் பெரிய ஆறுதல். ஆறு மாதத்தில் தட்டையாகிவிட்டது, மாற்றினேன். உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தின் கீழ் உருட்டுவது மாலை நேரத்துக்கு இதம். மறுநாள் காலை வலியில் வித்தியாசம் இல்லை. இரவில் காலில் கட்டிக்கொண்டு தூங்கும், பாதத்தைச் செங்கோணத்தில் நிறுத்தும் நைட் ஸ்ப்ளின்ட் காலையின் முதல் அடியை உண்மையாகவே லேசாக்கியது. ஆனால் தூக்கம் கெட்டதால் ஐந்து வாரத்தில் விட்டுவிட்டேன். தூங்க முடிகிறவர்கள் தொடரலாம்.

பெரிய மாற்றம் இரண்டு பயிற்சிகளால் வந்தது. முதலாவது, கட்டிலிலிருந்து இறங்கும் முன்பே செய்வது. வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் போட்டு, விரல்களை முழங்கால் பக்கமாக இழுத்து, அடிப்பாதம் விறைத்து நிற்கும்வரை பிடித்து, பத்து எண்ணி விடவேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை.

இரண்டாவதுதான் என்னைத் தேற்றியது. படிக்கட்டின் விளிம்பில் சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து நின்று, 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குவது. ஒருநாள் விட்டு ஒருநாள். விரல்கள் மேல்நோக்கி வளைந்திருப்பதால் பட்டை இறுகி, உடல் எடை அதன்மேல் ஏறுகிறது. முதலில் இரண்டு கால்களாலும் செய்தேன், ஒற்றைக் காலுக்கு வர ஏழு வாரம் ஆனது. தொடக்கத்தில் வலி சற்றுக் கூடியது. மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கினால் தொடர்ந்தேன், இறங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறைத்தேன். மூன்றாம் மாத முடிவில் ஒருநாள், குளியலறை வரை நடந்துபோன பிறகுதான் வலிக்கவில்லை என்பதே உறைத்தது. அன்று கண் கலங்கிவிட்டது.

ஸ்டீராய்டு ஊசி வேண்டாம் என்று நானே சொன்னேன். சில வாரங்களுக்கு வலி நன்றாகக் குறையலாம். ஆனால் பட்டை கிழிவதற்கும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேய்வதற்கும் சிறிய வாய்ப்பு உண்டு. அவசரம் உள்ளவர்கள் மருத்துவரிடம் இதைப் பேசி முடிவெடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எல்லாக் குதிகால் வலியும் இது அல்ல. மரத்துப்போதல், எரிச்சல், வீக்கம், காய்ச்சல், படுத்திருக்கும்போதும் விடாத வலி, குதிகாலை இருபுறமும் சேர்த்து அழுத்தினால் வலி, இரண்டு குதிகால்களோடு காலையில் முதுகும் நெடுநேரம் இறுகுவது: இவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது 16 மாதம் முடிந்துவிட்டது. நாள் முழுக்க நின்றால் மறுநாள் காலை மெல்லிய இழுப்பு இன்னும் வருகிறது. வாரம் இருமுறை படிக்கட்டுப் பயிற்சி தொடர்கிறது. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புதான், அது கட்டிலை ஒட்டியே கிடக்கிறது.