68 வெள்ளிக் காற்று மின்நிலையம்: வாங்கலாமா?

மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். மின்சாரத்தைச் சேமித்து வைப்பது பற்றி அறிவியல் செய்முறை. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் லித்தியம் பேட்டரி பக்கம் போக, இவள் மட்டும் அழுத்தக் காற்று என்றாள்: மின்சாரம் இருக்கும்போது காற்றை அழுத்தி அடைத்து வைத்து, வேண்டும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பது. நான் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கம்ப்ரஸர் (காற்றை அழுத்தும் இயந்திரம்) பராமரிப்பு வேலை பார்க்கிறவன். இந்த ஆசை எங்கிருந்து வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பூகிஸ் பக்கம் ஒரு கடையில் இந்தச் செய்முறைப் பெட்டி கிடைத்தது.

உள்ளே இரண்டு லிட்டர் எஃகு உருளை, கால் பம்ப், அழுத்தம் காட்டும் கேஜ், விரல் நீளத்துக்கு ஒரு டர்பைன் (காற்று பட்டால் சுழலும் சக்கரம்), ஒரு குட்டி ஜெனரேட்டர், எல்இடி விளக்கு. 4 பார் (அழுத்தத்தின் அளவு) வரை காற்றடித்து வால்வைத் திறந்தால் அரை நிமிடம் போல விளக்கு எரியும். அவ்வளவுதான்.

ஆனால் காசு கொடுத்ததற்கு மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதியில் கை வைக்க முடியவில்லை, அத்தனை சூடு. மகள் மைலோ குடித்துவிட்டு வந்து பார்த்தால், 4 பாரில் நின்ற முள் மூன்றரைக்குச் சற்று மேலே இறங்கியிருந்தது. “அப்பா, லீக் ஆகுது” என்றாள். மூட்டுக்கு மூட்டு சவர்க்கார நுரை தடவிக் காட்டினேன். ஒரு குமிழி வரவில்லை. காற்று அப்படியேதான் இருந்தது, போனது சூடு மட்டும்; சூடு தணிந்தால் அழுத்தமும் இறங்கும். திறந்துவிட்டபோது காற்று வெளியேறும் நாசில் சில்லிட்டு, அதன்மேல் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொண்டது.

இந்தச் சூடுதான் காற்றில் மின்சாரம் சேமிக்கும் தொழிலின் முழுத் தலைவலியும். பெட்டியோடு வந்த துண்டுப்பிரசுரம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஜெர்மனியின் ஹுண்டோர்ஃப் நிலையத்தின் படத்தைப் போட்டு, ‘புகையில்லாத சேமிப்பு’ என்று எழுதிவிட்டார்கள். 1978இல் தொடங்கிய அந்த நிலையம், நிலத்தடி உப்புப் பாறையில் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்துக் குடைந்த இரண்டு குகைகளில் காற்றை அடைத்து வைக்கிறது. உப்புப் பாறை காற்றை விடாது. அழுத்தத்தில் மெல்ல நகர்ந்து தன் விரிசலைத் தானே மூடிக்கொள்ளும். இதெல்லாம் சரி. ஆனால் அழுத்தும்போது வரும் சூட்டை அங்கே வெளியே விட்டுவிடுகிறார்கள். விரியும் காற்று நம் நாசிலில் போலவே சில்லிட்டுப்போகும். அதனால் காற்றைத் திரும்ப எடுக்கும்போது இயற்கை எரிவாயுவை எரித்துச் சூடாக்கித்தான் டர்பைனுக்குள் விட வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் வெளியே வர, ஏறக்குறைய 0.8 யூனிட் மின்சாரமும் 1.6 யூனிட் அளவுக்கு எரிவாயுவும் உள்ளே போக வேண்டும். புகையில்லையாம்!

அமெரிக்காவில் அலபாமாவின் மெக்கின்டாஷ் நிலையம் (1991) டர்பைனின் கழிவுச் சூட்டைப் பிடித்து எரிவாயுச் செலவைக் குறைத்தது. சீனாவின் ஜின்டானில் 2022இல் ஓடத் தொடங்கிய 60 மெகாவாட் நிலையம், அழுத்தும்போது வரும் சூட்டைத் தனியே சேமித்து வைத்து அதையே திரும்பக் கொடுக்கிறது; எரிபொருளே கிடையாது. போட வேண்டிய படம் அது.

“நம்ம ஊர்ல செய்யலாமா?” என்று மகள் கேட்டாள். இங்கே குடைவதற்கு உப்புப் படுகை இல்லைமா. ஜூரோங் தீவுக் கடலடியில் பாறையைக் குடைந்த குகைகள் 2014 முதல் இருக்கின்றன, ஆனால் அவை எண்ணெய்க்கு. மின்சாரத்துக்கு அதே தீவில், 2023இல் 285 மெகாவாட்-மணி அளவில் திறந்த பேட்டரி நிலையம் இருக்கிறது. கூட்டாளிகள் பேட்டரி பக்கம் போனதில் தப்பில்லை.

பெட்டியில் பெரிய குறை ஒன்று: உருளையின் அடியில், தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் வால்வு இல்லை. நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, அடிக்க அடிக்க உள்ளே தண்ணீர் சேரும். கவனிக்காவிட்டால் எஃகு துருப்பிடிக்கும், அழுத்தம் ஏறுகிற பாத்திரத்தில் அது விளையாட்டில்லை. ஒவ்வொரு முறையும் காற்றை முழுக்க வெளியேற்றி, கேஜைக் கழற்றி, உருளையைக் கவிழ்த்து வையுங்கள். பாதுகாப்பு வால்வு இருக்கிறது. 5 பாரில் ஒழுங்காகவே திறந்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பக்கத்தில் பெரியவர் யாராவது இருந்தால் வாங்கலாம், துண்டுப்பிரசுரத்தை மட்டும் நம்பிச் செய்முறை எழுதவிடாதீர்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு பத்துக்கு மேல் ஓட்டவும் வேண்டாம். டர்பைன் விசில் எதிர்வீடு வரை கேட்கிறது.