ஆன்லைன்ல பழைய கார் வாங்குறவங்க காரை மட்டும் பாக்காதீங்க, டைட்டில் எங்க இருக்குன்னு கேளுங்க

டெக்சாஸ்ல இருக்குற நம்ம ஆளுங்களுக்கு, முக்கியமா புதுசா அமெரிக்கா வந்து லைசென்ஸ் எடுத்த கையோட கார் தேடிட்டு இருக்குறவங்களுக்கு இந்தப் பதிவு. டீலர்கிட்ட போய் பேரம் பேசி மண்டை காய வேண்டாம், வீட்டு வாசலுக்கே கார் வரும், ஏழு நாள் ஓட்டிப் பாருங்க பிடிக்கலன்னா திருப்பி எடுத்துக்கறோம்னு சொல்ற ஆன்லைன் கம்பெனிங்ககிட்ட பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ இத படிச்சிருங்க. நான் மாட்டின கம்பெனி பேர இங்க போடப்போறதில்ல. கீழ பேர் சொல்லிருக்குற கம்பெனிங்க வேற, அவங்க சமாச்சாரம் எல்லாம் நியூஸ்லயும் கேஸ்லயும் வந்ததுதான்.

2021 கடைசில வாங்குனேன். கார்ல பெரிய குறை எதுவும் இல்ல, அதான் கொடுமையே. போட்டோல தெரியாத ஒரு கீறல், பின்னாடி டயர் ரெண்டும் கொஞ்சம் தேஞ்சிருந்துச்சு, பழைய கார்னா அப்படித்தான்னு விட்டாச்சு. வந்து எறக்குன பையன் சாவிய குடுத்து செல்ஃபி எல்லாம் எடுத்துக் குடுத்துட்டுப் போனான், வீட்ல எல்லாருக்கும் குஷி. பின்னாடி ஒரு பேப்பர் டேக், அதாவது தற்காலிக நம்பர் பிளேட், மாட்டிருந்துச்சு, அறுபது நாள் செல்லும், அதுக்குள்ள டைட்டில் உங்க பேருக்கு மாறி நம்பர் பிளேட் தபால்ல வந்துரும்னாங்க. டைட்டில்னா ஊர்ல ஆர்சி புக்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அது, வண்டி யாருக்கு சொந்தம்னு சொல்ற காகிதம். அத கவுண்டி டேக்ஸ் ஆபீஸ்ல நம்ம பேருக்கு மாத்தித் தர வேண்டியது டீலர் பொறுப்பு.

அறுபது நாளும் முடிஞ்சுது, பிளேட்டும் வரல டைட்டிலும் வரல. போன் பண்ணா ஒவ்வொரு தடவையும் வேற ஆளு, மொதல்லேர்ந்து கதை சொல்லணும், எல்லாரும் ஒரே மாதிரி "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது சார், டைட்டில் டீம்க்கு எஸ்கலேட் பண்றேன்"னு சொல்லி வெச்சிருவாங்க. அந்த டைட்டில் டீம்க்கு போன் நம்பரே கிடையாது, அவங்கள யாரும் பாத்ததும் கிடையாது. ரொம்ப கத்துனதுக்கு அப்பறம் இன்னொரு பேப்பர் டேக் அனுப்பினாங்க, எடுத்துப் பாத்தா அது நான் கால் வெக்காத வேற ஏதோ ஸ்டேட் டேக்! அத மாட்டிட்டு ஹைவேல போறப்ப போலீஸ் ஓரங்கட்டி, வண்டி டெக்சாஸ்ல, லைசென்ஸ் டெக்சாஸ், டேக் மட்டும் ஏன் அங்கன்னு கேட்டா என்ன பதில் சொல்றது? வார்னிங்கோட விட்டாரு, நல்ல மனுஷன். ஆனா லோன் மட்டும் மாசா மாசம் டாண்ணு அக்கவுண்ட்லேர்ந்து போய்க்கிட்டே இருக்கு. விக்கலாம்னா விக்க முடியாது, வேலை மாத்தி வேற ஸ்டேட் போனா அங்க ரிஜிஸ்டர் பண்ண முடியாது, இன்சூரன்ஸ் வேற கட்டணும்.

ஏன் இப்படி ஆகுதுன்னு தோண்டிப் பாத்தா ஒரு விஷயம் புரிஞ்சுது. இந்த மாதிரி கம்பெனிங்க தனி ஆளுங்ககிட்ட கார் வாங்குறப்ப அதுல நெறைய வண்டி லோன்ல இருக்கும், அந்த பேங்க்குக்கு மீதிப் பணத்தக் கட்டி பேங்க் டைட்டில அனுப்பணும், அதுக்கு வாரக்கணக்குல ஆகும், வேற ஸ்டேட் டைட்டில்னா இன்னும் இழுக்கும், ஒரு கையெழுத்து விட்டுப்போனா திரும்ப மொதல்லேர்ந்து. ஒழுங்கான டீலர் காகிதம் கைக்கு வர்ற வரைக்கும் வண்டிய வெளிய விட மாட்டான். ஆனா வேகமா வளரணும், ஒவ்வொரு குவார்ட்டரும் இத்தன வண்டி வித்தோம்னு காட்டணும்னு இருக்குற கம்பெனி காகிதம் வர்றதுக்கு முன்னாடியே வண்டிய வித்துரும். வண்டி நிக்கிற ஒவ்வொரு நாளும் அவங்களுக்கு நஷ்டம்ல.

இதுல இன்னொரு கூத்து கவனிங்க. அவங்க குடுக்குற ரிட்டர்ன் ஏழு நாள். டைட்டில் வரலன்னு நமக்குத் தெரியறது அறுபது நாளைக்கு அப்பறம். ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. மூணு நாளுக்குள்ள எதையும் கேன்சல் பண்ணலாம்னு ஒரு சட்டம் இருக்குன்னு வாட்ஸப்ல சுத்துது, வாங்குறவங்கள பாதுகாக்குற பெடரல் அமைப்பான எஃப்டிசியோட அந்த ரூல் டீலர் இடத்துல வாங்குற காருக்கோ முழுக்க ஆன்லைன்ல வாங்குற காருக்கோ பொருந்தாது, அத நம்பி எறங்காதீங்க.

அந்த நேரத்துல இந்த பிசினஸ் ஏன் அப்படிப் பறந்துச்சுன்னா கொரோனாதான். யாரும் டீலர் கடைக்குப் போகல, வ்ரூம்னு ஒரு கம்பெனி 2020 ஜூன்ல ஷேர் மார்க்கெட்டுக்கு வந்துச்சு, ஒரு ஷேர் 22 டாலர்னு வித்தாங்க, மொத நாளே ரெட்டிப்பாச்சு. அடுத்த வருஷம் சிப் தட்டுப்பாடு, புது கார் கிடைக்கல, 2021 ஜூன்ல பழைய கார் விலை ஒரே வருஷத்துல 45 சதவீதம் ஏறிருந்துச்சு, என்ன ரேட்டுக்கு வாங்கினாலும் லாபம்தான். கார் வெண்டிங் மிஷின் டவர் வெச்சிருக்குற கார்வானா ஷேர் அந்த ஆகஸ்ட்ல 370 டாலர் வரைக்கும் போச்சு. 2022ல பெடரல் ரிசர்வ், அதாவது அமெரிக்காவோட மத்திய வங்கி, வட்டிய ஏத்துச்சு, கார் லோன் வட்டியும் ஏறுச்சு, கார் விலை எறங்க ஆரம்பிச்சுது, அதிக ரேட்டுக்கு வாங்கி அடுக்கி வெச்சிருந்த வண்டியெல்லாம் தலைவலியாச்சு. அதே கார்வானா ஷேர் 2022 டிசம்பர்ல 4 டாலருக்குக் கீழ.

காகித விஷயமும் ஒரு பக்கம் வெடிச்சுது. 2022 ஏப்ரல்ல டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் வ்ரூம் மேல கேஸ் போட்டாரு, டைட்டில், ரிஜிஸ்ட்ரேஷன் லேட்டுன்னு ஆயிரக்கணக்குல கம்ப்ளைண்ட் வந்திருந்துச்சு. அடுத்த மாசம் இல்லினாய் ஸ்டேட் இதே டைட்டில் காரணத்துக்கும், வேற ஸ்டேட் டெம்பரரி டேக் குடுத்ததுக்கும் கார்வானாவோட டீலர் லைசென்ஸ சஸ்பெண்ட் பண்ணுச்சு. 2023 அக்டோபர்ல ஷிஃப்ட்னு இதே மாதிரி ஆன்லைன்ல கார் வித்த இன்னொரு கம்பெனி திவால். 2024 ஜனவரில வ்ரூம் ஆன்லைன் கார் விக்கிறதையே மூடிட்டு, பெரும்பாலான ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிருச்சு. அந்த ஜூலைல எஃப்டிசியோட 10 லட்சம் டாலருக்கு செட்டில்மெண்ட், டெலிவரி லேட்டானா வாங்குறவங்களுக்குச் சொல்லி கேன்சல் பண்ற வாய்ப்பு குடுக்கலன்னு அதுல ஒரு குற்றச்சாட்டு. நியாயமா ஒண்ணு சொல்லணும், கார்வானா விழுந்த எடத்துலேர்ந்து எந்திரிச்சு இன்னிக்கு நல்லாவே ஓடுது, அதுல வாங்கி ஒரு தொந்தரவும் இல்லாம இருக்குறவங்க எனக்குத் தெரிஞ்சே இருக்காங்க. அதனால ஆன்லைன்னாலே ஏமாத்துன்னு நான் சொல்ல வரல.

ஒரு கம்பெனி சரியுதுன்னா நியூஸ்ல வர்றதுக்கு முன்னாடியே கஸ்டமருக்குத் தெரியும். என் விஷயத்துல மொதல்ல போன் எடுக்க ஆள் கொறஞ்சுது, அப்பறம் சாட் பாட்டாச்சு, அப்பறம் அந்த பாட்டும் "கேஸ் க்ளோஸ்டு"ன்னு சொல்ல ஆரம்பிச்சுது. எந்த கேஸ், யாரு க்ளோஸ் பண்ணா? ஒருத்தருக்கும் தெரியாது.

கடைசில வேலை நடந்தது கஸ்டமர் கேராலயே இல்ல. டெக்சாஸ் டிஎம்விக்கு, அதாவது ஸ்டேட்டோட மோட்டார் வாகனத் துறைக்கு, ஆன்லைன்ல டீலர் மேல கம்ப்ளைண்ட் போட்டேன், கூடவே லோன் குடுத்த பேங்க்குக்கு ஒரு லெட்டர். கூட வேலை செய்ற அண்ணன் ஒருத்தர் சொல்லித்தான் லோன் பேப்பர எடுத்துப் படிச்சேன், அதுல ஹோல்டர் நோட்டீஸ்னு ஒரு பாரா இருந்துச்சு. டீலர் மூலமா எடுத்த லோன்னா, டீலர் மேல நமக்கு இருக்குற உரிமைய அந்த லோன வெச்சிருக்குற பேங்க் மேலயும் கேக்கலாம்னு எஃப்டிசி ரூல், நம்ம கட்டுன பணம் வரைக்கும். நீங்களே தனியா கிரெடிட் யூனியன்ல (கூட்டுறவு பேங்க் மாதிரி) லோன் எடுத்துட்டு வந்திருந்தா பெரும்பாலும் இது கிடைக்காது. அந்தப் பாராவ கோட் பண்ணி லெட்டர் போனதுக்கு அப்பறம்தான் பேங்க் கம்பெனிய நெருக்குச்சு, மாசக்கணக்கா அசையாத டைட்டில் அசைஞ்சுது. லேட்டா வந்ததுக்கு ஒரு சாரியும் கிடையாது, டாலரும் கிடையாது.

இப்ப வாங்குறவங்களுக்கு: பணம் கட்டறதுக்கு முன்னாடி டைட்டில் இந்த நிமிஷம் உங்க கைல இருக்கா, எந்த ஸ்டேட் டைட்டில்னு ஈமெயில்ல கேளுங்க, போன்ல சொல்றது கணக்கு இல்ல. மழுப்புனா வேற வண்டி பாருங்க. ரிட்டர்ன் நாளுக்குள்ள வெளி மெக்கானிக் ஒருத்தர்கிட்ட காட்டிருங்க. வேற ஸ்டேட் டேக் அனுப்பினா மாட்டாதீங்க, அன்னிக்கே டிஎம்வில கம்ப்ளைண்ட் போடுங்க. 2025 ஜூலைலேர்ந்து டெக்சாஸ்ல பேப்பர் டேக் ஒழிஞ்சுது, வாங்குன அன்னிக்கே டீலர் மெட்டல் பிளேட் மாட்டித் தர்றான். அதப் பாத்து எல்லாம் முடிஞ்சுதுன்னு இருந்துறாதீங்க, பிளேட் வேற டைட்டில் வேற. மெட்டல் பிளேட்டோட ஓட்டிட்டு இருக்குறவருக்கு டைட்டில் வரலங்கறதே விக்கப் போற அன்னிக்குத்தான் தெரியவரும், அதனால ஒரு மாசம் கழிச்சு நீங்களே கவுண்டி டேக்ஸ் ஆபீஸ்ல உங்க பேர்ல டைட்டில் அப்ளிகேஷன் உள்ள வந்திருக்கான்னு விசாரிச்சுருங்க.