பெட்டி நல்ல பெட்டிதான், தேதிதான் கொல்கிறது

"ரின்யூ பண்ணட்டுமா, இல்ல விஎம்முக்கே மாறிடட்டுமாடா?" என்று நண்பன் கேட்டிருக்கிறான். அவன் அலுவலக நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டியின் லைசன்ஸ் மார்ச்சில் முடிகிறதாம். விஎம் என்றால் அதே ஃபயர்வாலைப் பெட்டி இல்லாமல் சர்வருக்குள் மென்பொருளாக ஓட்டுவது. அதே பெட்டிதான் எங்கள் திருப்பூர் அலுவலகத்திலும் ஓடுகிறது. முதலில் எடுத்த மூன்று வருட லைசன்ஸ் பண்டில் முடிந்து, ஒருமுறை புதுப்பித்தும் ஆயிற்று. வேகம், போர்ட் எண்ணிக்கை எல்லாம் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. லைசன்ஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டி இரும்பு. கரண்ட் போய் வந்தாலும், ரேக்கில் பஞ்சுத் தூசி ஏறினாலும் அது பாட்டுக்கு ஓடும். லைசன்ஸ் முடிந்த பிறகும் நின்றுவிடவில்லை. எதை விடலாம் என்ற ரூல்கள், உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் நாட், கிளைக்குப் போகும் பாதுகாப்பான வழியான விபிஎன் எல்லாம் வேலை செய்தன. தாக்குதலைத் தடுக்கும் ஐபிஎஸ்ஸும் ஆன்டிவைரஸும் கடைசியாக வந்த சிக்னேச்சரோடு, அதாவது ஆபத்தை அடையாளம் காட்டும் பட்டியலோடு, நின்றுபோயின.

கையை விரித்தது வெப் ஃபில்டர். ஒரு தளம் எந்த வகை என்பதை அது கம்பெனியின் சர்வரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. லைசன்ஸ் இல்லையென்றால் சர்வர் பதில் சொல்லாது. பதில் வராவிட்டால் தடுத்துவிடு என்பதுதான் டீஃபால்ட். 20ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி தாக்கலுக்குக் கடைசி நாள், அக்கவுண்ட்ஸ் பிரிவில் போர்ட்டலே திறக்கவில்லை. வகை தெரியாததால் தடுக்கப்பட்டது என்று ஒரு வெள்ளைப் பக்கம். செட்டிங்கில் ஒரு டிக் போட்டதும் திறந்தது. கூடவே மற்ற எல்லாத் தளமும் திறந்துகொண்டது.

வருடக் கடைசி என்பதால் பர்ச்சேஸ் ஆர்டர் கையெழுத்தாகச் சில வாரம் இழுத்தது. புது லைசன்ஸைப் பதிந்துவிட்டு காலாவதித் தேதியைப் பார்த்தேன். ஒரு வருடம், ஆனால் பதிந்த நாளிலிருந்து இல்லை, பழையது முடிந்த நாளிலிருந்து! சேவையே வராத அந்த வாரங்களுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டியோடு பணம் கட்டியிருக்கிறோம்.

டீலரிடம் சண்டை போட்டேன். "சார், இப்படி இல்லன்னா எல்லாரும் வேணும்னே கேப் விட்டுத்தான் ரின்யூ பண்ணுவாங்க" என்றார். நியாயம்தான். விட்டுப்போன சிக்னேச்சர்கள் பதிந்த அன்றே மொத்தமாக வந்து இறங்கின, அதையும் மறைக்கவில்லை. ஆனால் வெப் ஃபில்டருக்கு அந்த நியாயம் எப்படிப் பொருந்தும்? போன மாதம் கேட்ட கேள்விக்கு இன்றைக்குப் பதில் வந்து என்ன ஆகப்போகிறது? பரிமாறாத பந்திக்கு மொய் எழுதின கதைதான் இது.

இதில் ஹெச்ஏ வேறு, ஒரு பெட்டி விழுந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஸ்டாண்ட்பை பெட்டிக்கும் முழு லைசன்ஸ் வேண்டும் என்கிறார்கள். சோஃபோஸ் என்ற கம்பெனியில், ஒன்று ஓட ஒன்று காத்திருக்கும் ஆக்டிவ்-பாஸிவ் ஜோடிக்கு ஒரு சந்தா போதும், இவர்களுக்கு மட்டும் என்ன வந்ததோ.

சரி, விஎம்? கோவைக் கிளையில் வேறொரு கம்பெனியின் விஎம் ஃபயர்வால் வைத்திருக்கிறோம். அப்கிரேடுக்கு முன்னால் அப்போதைய நிலையை அப்படியே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால் நிம்மதி. இந்த சுகம் பெட்டியில் கிடைக்காது. ஆனால் லைசன்ஸ் விசிபியூ கணக்கில், அதாவது விஎம்முக்குக் கொடுக்கும் பிராசஸர் கோர் எண்ணிக்கையில். சர்வரில் கோர் சும்மா கிடந்தாலும் வாங்கிய அளவுக்கு மேல் கொடுத்துப் பயனில்லை. சில கம்பெனிகள் வேகத்துக்கே விலை வைக்கின்றன. சிஸ்கோவின் விஎம் ஃபயர்வாலான ஏஎஸ்ஏவி, லைசன்ஸ் பதியும்வரை 100 கேபிபிஎஸ்ஸுக்கு மேல் விடாது. கிளவுடில் மணிக்கணக்கில் வாடகை கட்டலாம். வருடம் முழுக்க ஓடுகிற அலுவலகத்துக்கு அது கட்டுப்படியாகாது.

விஎம்மில் இன்னொரு தொல்லை, ஒரு லைசன்ஸ் இன்னொரு லைசன்ஸின் மேல் உட்கார்ந்திருக்கிறது. விஎம்களை ஓட்டும் மென்பொருளை விற்கும் விஎம்வேரை 2023 நவம்பரில் வாங்கிய பிராட்காம், அடுத்த மாதமே நிரந்தர லைசன்ஸ் விற்பனையை நிறுத்தியது. நாங்கள் அதே வேலை செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறினோம். மாற்றியதில் விஎம்மின் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிட, ஃபயர்வால் லைசன்ஸ் செல்லாது என்றது. டிக்கெட் போட்டுத்தான் மீட்டோம்.

இலவச ஃபயர்வால் மென்பொருளான ஓப்பன்சென்ஸைப் போடு என்று சிலர் சொல்வார்கள். 2015இல் பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வால் மென்பொருளிலிருந்து பிரிந்தது, லைசன்ஸ் தேதி என்ற பேச்சே இல்லை. நல்லதுதான். ஆனால் ராத்திரி போன் போட்டுத் திட்டுவதற்கு எதிர்முனையில் ஓர் ஆள் வேண்டும் என்கிறார் எங்கள் முதலாளி.

நண்பனுக்கு: கொட்டேஷன் கேட்கும்போது ரின்யூவலுக்கு மட்டும் கேட்காதே, புதுப் பெட்டியும் பண்டிலும் சேர்த்து என்ன விலை என்றும் கேள். எங்களுக்கு வந்ததில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. நன்றாக ஓடுகிற பெட்டிக்கு அவர்கள் வைத்திருக்கும் மதிப்பு அவ்வளவுதான். லைசன்ஸ் எந்தத் தேதியிலிருந்து ஓடும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள். இன்றைக்கு என்னைக் கேட்டால், அந்தக் கம்பெனியே வேண்டாம்.

நாங்களா? அதையேதான் மூன்று வருடத்துக்குப் புதுப்பிக்கிறோம். இருக்கிற ரூல்களையெல்லாம் வேறு கம்பெனி பெட்டியில் திருப்பி எழுத இங்கே நான் ஒருவன்தான் இருக்கிறேன்.