தேசியக் கலைக்கூடம்: ஒரு நாளுக்கு ஒரு படம் போதும்

சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்துக்குப் போகப்போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் சொல்வது ஒன்றுதான்: எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று போகாதீர்கள். பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்துக் கட்டிய இடம் அது. ஒரே நாளில் சுற்றினால் கால்வலிதான் மிஞ்சும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும்தான் டிக்கெட். அதனால் அரை மணி நேரம் இருந்தால்கூடப் போகலாம்.

என் அலுவலகம் ராஃபிள்ஸ் பிளேசில். நகர மண்டபம் நிலையம் அடுத்த நிறுத்தம். வேலை சீக்கிரம் முடிகிற நாளில் ஏழு மணிக்கு மூடுவதற்குள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.

பெரும்பாலும் நான் போய் நிற்பது ராடன் சாலேயின் ‘காட்டுத் தீ’ முன்னால். பழைய உச்ச நீதிமன்றப் பகுதியில் இருக்கிறது. மூன்று மீட்டர் உயரம், கிட்டத்தட்ட நான்கு மீட்டர் அகலம். ஜாவாவில் பிறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவில் வாழ்ந்தவர், அங்கே இருந்தபோது 1849இல் வரைந்து டச்சு அரசருக்குக் கொடுத்த படம். நெருப்பு துரத்த, புலிகளும் காட்டு மாடுகளும் பாறை விளிம்புவரை ஓடி வந்திருக்கின்றன. அதற்கு மேல் போக இடமில்லை. பக்கத்தில் மாடு இருந்தும் புலி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில்தான் என் கண் ஒவ்வொரு முறையும் நின்றுவிடும்.

இந்தப் படம் எனக்கு இவ்வளவு நெருக்கமானதற்குக் காரணம் 2015. அந்த ஆண்டு சுமத்ராவின் காட்டுத் தீயிலிருந்து வந்த புகைமூட்டம் நினைவிருக்கும். செப்டம்பர் 25 அன்று பள்ளிகளையே மூடினார்கள். என் மகன் அப்போது தொடக்கநிலை இரண்டு. ஜன்னல் இடுக்கில் எல்லாம் ஈரத்துணி அடைத்து, இரவு முழுக்க அவன் இருமலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நவம்பர் 24இல் கலைக்கூடம் திறந்தது. டிசம்பர் விடுமுறையில் அவனைக் கூட்டிப்போனேன். படத்தின் முன் நின்றவன், “அம்மா, இந்தப் புகைதான் நம்ம வீட்டுக்கு வந்துச்சா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதுதான் சரியான பதில் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இப்போது தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில் இருக்கிறான். முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வீட்டுக்கு வரும் வாரயிறுதியில் சில சமயம், “புலியைப் பார்க்கப் போலாமா?” என்று அவனே கேட்பான்.

அப்புறம், உங்கள் பணப்பையில் சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளி (டாலர்) நோட்டு இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதில் இருக்கும் ஓவியங்களில் ஒன்று சியோங் சூ பியெங் 1978இல் வரைந்த ‘உப்பு மீன் உலர்த்துதல்’. சீனாவின் சியாமெனில் பிறந்து 1946இல் சிங்கப்பூர் வந்தவர் அவர். துணியில் மையும் வண்ணமும் கொண்டு தீட்டியிருக்கிறார். கைகால்கள் இயல்பைவிட நீளம். அசலைப் பார்க்க என் மாமியாரோடு போனேன். அத்தை நாகப்பட்டினத்துக்காரர். ஓவியம் என்றால் நமக்கு என்ன தெரியும் என்று கிளம்பும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர், படத்தைப் பார்த்ததும் கிட்டே போய்விட்டார். “இவ்வளவு மீனையும் காயப்போட்டா காக்கா விரட்ட ஒரு ஆள் வேணுமே, எங்க காணோம்?” என்றார். பிறகு உப்பு எவ்வளவு போடுவார்கள், மழை வந்தால் எப்படி அள்ளுவார்கள் என்று அங்கேயே கதை. கருவாடு காயவைத்தவரின் கண்ணோடு அந்தப் படத்தைப் பார்க்கக் கிடைத்தது என் பாக்கியம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தயங்காமல் கூட்டிப்போங்கள். அவர்களிடம் விளக்கம் சொல்லாதீர்கள், பேசவிடுங்கள்.

கட்டடத்துக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். 1945இல் ஜப்பானியர் சரணடைந்தது நகர மண்டபத்தில்தான். பழைய நீதிமன்றத்தின் சிறை அறைகளும் இருக்கின்றன. தொண்டூழியர்கள் சுற்றிக்காட்டும் நடைகளும் உண்டு, கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு மேல்சட்டையும் வேண்டும், உள்ளே குளிரும். ஓவியங்களை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால், குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் போகிறவர்கள் முன்கூட்டியே இணையத்தில் பார்த்துவிடுவது நல்லது. சாப்பாட்டுக்கு நாங்கள் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போய்விடுவோம்.

இப்போது என் பார்வை ஓவியர் ஜார்ஜெட் சென் தன்னைத்தானே வரைந்த படத்தின்மேல். 1946 வாக்கில் வரைந்தது, ஒரு நோட்டுப் புத்தக அளவுதான். அத்தைக்கு அந்த அம்மாவின் முகம் பிடிக்கவில்லையாம், “ரொம்பக் கண்டிப்பானவங்க போல” என்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது. தீபாவளிக்கு முன் அவரை இன்னொரு தடவை அழைத்துப்போய்க் காட்ட வேண்டும்.