சேர்ந்து வாழும் ஜோடிகள் லைன் வீடு வாங்கும்போது: "பேரைப் பிறகு சேர்த்துக்கலாம்" என்றால் நம்பாதீர்கள்

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை ஆட்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று நாலைந்து போர்ஷன் உள்ள லைன் வீட்டைப் பார்த்து வைத்திருக்கும், கல்யாணமாகாத ஜோடிகளிடம் லோன் புரோக்கர்கள் சொல்வது இது: "பேங்க் ரெண்டு பேரையும் சேர்த்து ஏத்துக்காது. இப்ப ஒருத்தர் பேர்ல ஆதாரம் (கிரயப் பத்திரம்) பண்ணுங்க, அப்புறம் இன்னொரு பேரைச் சேர்த்துக்கலாம்." முதல் பாதி பல பேங்குகளில் உண்மைதான். இரண்டாம் பாதியில்தான் பணம் போகிறது.

கடன் முடியும்வரை மூல ஆதாரம் பேங்கில் இருக்கும். அவர்கள் சம்மதிக்காமல் பாதிப் பங்கை எழுதிக் கொடுக்க முடியாது. சம்மதித்தாலும் குடும்பத்தாருக்கு உள்ள முத்திரைச் சலுகை உங்களுக்கு வராது. கேரளத்தில் முத்திரை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்தப் பங்குக்கு மறுபடி கட்ட வேண்டும்.

பிரிந்தால் நிலைமை இன்னும் மோசம். பணம் போட்டவர் பங்கு கேட்டு கோர்ட்டுக்குப் போனால் எதிர்த்தரப்பு, அடுத்தவர் பேரில் வாங்கிய சொத்தில் பணம் போட்டவர் உரிமை கேட்க முடியாது என்னும் 1988ஆம் வருஷத்துப் பினாமிச் சட்டத்தை எடுத்து வைக்கும். கணவன், மனைவி, பிள்ளை பேரில் வாங்க அதில் விலக்கு உண்டு. சேர்ந்து வாழும் துணைக்கு இல்லை. அன்பளிப்பாகக் கொடுத்தேன் என்றால், வருஷத்தில் 50,000 ரூபாயைத் தாண்டியதுமே மொத்தத் தொகைக்கும் அன்பளிப்பைப் பெற்றவர் வருமான வரி கட்ட வேண்டும். இஎம்ஐ கட்டிய ஸ்டேட்மென்ட்டை வைத்து வீட்டில் உரிமை கேட்க முடியாது. பேர் உள்ளவர் உயில் எழுதாமல் இறந்தால் வீடு அவருடைய வாரிசுகளுக்குப் போய்விடும்.

"90 சதவீதம் லோன்" என்பதையும் நம்பாதீர்கள். ரிசர்வ் பேங்க் விதிப்படி அது 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குத்தான். 75 லட்சம்வரை 80, அதற்கு மேல் 75. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 48 லட்சத்துக்கு மேல் வராது. மீதி 12 லட்சம், முத்திரையும் பதிவும் 6 லட்சம், ஆக 18 லட்சம் கையில் வேண்டும்.

எனவே இருவரையும் கூட்டு விண்ணப்பதாரராக ஏற்கும் பேங்கை முதலில் பிடியுங்கள், எழுத்தில் வாங்குங்கள். ஆதாரத்தில் இரண்டு பேரும், யாருக்கு எத்தனை சதவீதம் என்பதும் வரட்டும். சொல்லாவிட்டால் போட்ட பணத்தின் அளவைப் பார்ப்பார்கள், அதற்குச் சாட்சியம் இல்லையென்றால் சரிபாதி என்று கொள்வார்கள். அவரவர் அக்கவுண்ட்டிலிருந்தே பணம் போகட்டும், ரொக்கம் வேண்டாம். அன்றே இருவரும் உயில் எழுதிவிடுங்கள்.

வில்லேஜ் ஆபீஸ் பதிவில் இடம் "நிலம்" (கேரளத்தில் இது நெல்வயல்) என்றிருக்கிறதா, "புரயிடம்" (வீடு கட்டும் மேட்டு நிலம்) என்றிருக்கிறதா என்று பாருங்கள். நிலம் என்றால் 2008 நெல்வயல் சட்டம் குறுக்கே வரும். ஒவ்வொரு போர்ஷனுக்கும் பஞ்சாயத்துக் கட்டட எண் உண்டா என்றும் கேளுங்கள். அனுமதியில்லாத கட்டடத்துக்குக் கொடுக்கும் யூஏ நம்பர் என்றால் பேங்கில் தடைபடும். இதெல்லாம் முடியாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், லோன் மறுக்கப்பட்டால் எத்தனை நாளில் முழுத் தொகையும் திரும்ப வரும் என்று கரார் பத்திரத்தில் (விற்பனை ஒப்பந்தத்தில்) எழுதி வாங்குங்கள்.