முதல் சுற்றுச்சூழல் அலகுக்கு எந்தக் களம்: எண்ணெய் படிந்த காயலா, கொய்யா மண்டிய காடா?

பத்தாம் வகுப்புக்கு ஆறு வாரங்களில் முடியக்கூடிய ஓர் அறிமுக அலகைத் திட்டமிடும் மொரீசியஸ் ஆசிரியருக்கு உள்ளூரிலேயே மூன்று களங்கள் கிடைக்கின்றன: தென்கிழக்குக் கரையின் பவளக் காயல், மலைமேட்டின் பூர்விகக் காடு, பள்ளிக்கு அருகே ஓடும் ஓடை. சூழல் மண்டலம், மாசு, உயிர்ப்பன்மை ஆகிய அடிப்படைகளை மூன்றிலுமே சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆகையால், மாணவர் தாமே எண்ணி, ஒப்பிட்டு, ஒரு கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு எது அதிகம் இடம் தருகிறது என்பதையே இங்கு அளவுகோலாகக் கொள்கிறேன்.

காயல் என்றதும் நினைவுக்கு வருவது வகாஷியோ கப்பல்தான். 2020 ஜூலை 25 அன்று புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளத்திட்டில் தரைதட்டிய அக்கப்பலிலிருந்து ஆகஸ்ட் 6 முதல் ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கசிந்தது. கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து, மிதப்பதற்காகக் காலி பிளாஸ்டிக் புட்டிகளைக் கட்டி, மக்கள் தாமே தடுப்பு மிதவைகளைச் செய்தார்கள். அதே மிதவையைச் சிறிய அளவில் செய்து, ஒரு தொட்டி நீரில் சமையல் எண்ணெயை ஊற்றி, சோகை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று எடைபோட்டுப் பார்ப்பது வகுப்பறையிலேயே நடத்தக்கூடிய நல்ல சோதனை. கப்பலின் எரிபொருள், 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு விதிக்கேற்பக் கந்தகம் குறைக்கப்பட்டது. காற்றின் நலனுக்காகத் தயாரான அந்த எண்ணெய் கடல்நீரில் என்ன ஆகும் என்பது அப்போது அதிகம் ஆராயப்பட்டிருக்கவில்லை. இதுவும் விவாதத்துக்கு உகந்தது.

ஆயினும் இந்தக் கதையில் குற்றம் யாருடையது என்பது முதல் பாடவேளையிலேயே தெரிந்துவிடுகிறது. சுற்றுச்சூழல் கேடு என்றால் வெளியிலிருந்து வந்த யாரோ ஒருவர் ஒரு நாளில் செய்துவிட்டுப் போவது என்ற எண்ணம் தொடக்கநிலை மாணவர் மனத்தில் ஊன்றிவிட்டால், பிறகு அதைக் களைவது எளிதன்று. கடல்நீர் சூடேறுவதால் பவளம் வெளுப்பதுபோன்ற மெதுவான கேடுகள் நீருக்கடியில்தான் தெரியும். முப்பது பேரை நீரில் இறக்க எந்தத் தலைமை ஆசிரியரும் ஒப்புதல் தரமாட்டார், தரவும் கூடாது.

காட்டின் நிலை வேறு. பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் லெ பெத்ரேன் பகுதியில் வேலியிட்டுக் களையெடுத்துப் பராமரிக்கும் நிலமும், அப்படிப் பராமரிக்கப்படாத நிலமும் அருகருகே இருக்கின்றன. ஒப்பீட்டுச் சோதனைக்கு வேண்டியதை நிலமே அமைத்துத் தந்திருக்கிறது. பக்கத்துக்கு ஒரு மீட்டர் வீதம் கயிற்றால் சதுரம் கட்டி, இருபுறமும் நாற்றுகளை எண்ணச் சொன்னால் போதும். (வேலிக்குள் நுழைய முன்அனுமதி வேண்டும். மலைமேட்டில் எப்போதும் தூறல்தான் என்பதால் பேனாவை விட்டுவிட்டுப் பென்சில் கொண்டுபோவது நல்லது.) வேலிக்கு வெளியே சதுரத்தை நிறைத்து நிற்பது சீனக் கொய்யா. குடும்பம் குடும்பமாக பிளேன் ஷாம்பாய்ன் மேட்டுநிலத்துக்குப் போய்ப் பறித்து, உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்னும் அதே சிவந்த பழத்தின் செடி. பிரேசிலிலிருந்து வந்த இச்செடியின் விதைகளைக் குரங்கும் காட்டுப்பன்றியும் பரப்ப, அடர்ந்த நிழலில் பூர்விக நாற்றுகள் தலையெடுக்க முடிவதில்லை. நல்ல நிலையிலுள்ள பூர்விகக் காடு தீவின் பரப்பில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவாகச் சுருங்கிப்போனதற்குக் காரணம் ஒன்றல்ல: டச்சுக்காரர் கருங்காலியை வெட்டியது, பிறகு கரும்புக்காக நிலத்தைத் திருத்தியது, இன்று இந்தக் கொய்யா. தாம் விரும்பித் தின்னும் பழமே அந்தப் பட்டியலில் நிற்பதைக் காணும் மாணவர், பழியை யார் மீதாவது சுமத்திவிட்டு நகர முடியாது.

காட்டுக்கு இன்னொரு வலுவும் உண்டு. இத்தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவையின் குடல்வழி வந்தால்தான் இங்குள்ள தம்பலக்கோக் மரத்தின் விதை முளைக்கும் என்று 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற ஆய்வாளர் எழுதினார். வான்கோழிகளுக்கு ஊட்டிய விதைகளில் மூன்று முளைத்ததே அவர் காட்டிய சான்று. ஊட்டப்படாத விதைகளை அவர் உடன்வைத்து ஒப்பிடவில்லை. டோடோ அழிந்தபின் முளைத்த இளமரங்கள் உண்டு என்று பின்னர் மற்றவர்கள் சுட்டிக்காட்ட, அக்கருத்து நிலைக்கவில்லை. இதற்கு மாறாக, தென்கிழக்குக் காயலிலுள்ள ஈல் ஓ எக்ரெத் தீவில் 2000ஆம் ஆண்டு விடப்பட்ட அல்டாப்ரா இனப் பேராமைகள் கருங்காலிப் பழத்தைத் தின்று விதையைப் பரப்புவது ஆய்வில் உறுதியானது. ஏறத்தாழ ஒரே வடிவிலான இரண்டு கருத்துகளில் ஒன்று விழுந்தது ஏன், ஒன்று நின்றது ஏன் என்று வகுப்பில் வாதிட வைப்பது, அறிவியல் முறை பற்றிய பாடப்பகுதியை வாசித்து ஒப்பிப்பதைவிடப் பலமடங்கு பயன் தரும்.

ஓடையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசக் காவடி ஆற்றங்கரையிலிருந்து புறப்படும் நாட்டில் தண்ணீரோடு மாணவருக்கு உறவு இருக்கிறது. போர்ட் லூயியில் 11 பேரைப் பலிகொண்ட 2013 மார்ச் 30 வெள்ளத்தால் வடிகாலின் முக்கியத்துவமும் தெரியும். அளப்பதற்கும் இதுவே மலிவானது. ஆனால் ஒரு மழை பெய்தால் எண்கள் மாறிவிடும். நைட்ரேட் கூடியது கரும்புத் தோட்ட உரத்தாலா, வீட்டுக் கழிவுநீராலா என்று புதியவர்களால் பிரித்தறிய முடியாது. அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போடலாம்.

எனவே முதல் நான்கு வாரங்களைக் காட்டுக்கும், எஞ்சிய இரண்டைக் காயலுக்கும் ஒதுக்குவதே என் பரிந்துரை. இரண்டையும் இணைக்க ஈல் ஓ எக்ரெத் இருக்கிறது: காயலுக்குள் கிடக்கும் ஏறத்தாழ 26 ஹெக்டேர் கருங்காலிக் காடு அது. வகாஷியோ எண்ணெய் அதன் கரையையும் எட்டியது; அந்தக் கசிவையடுத்துத் தென்கிழக்குத் தீவுத்திட்டுகளின் அரிய ஊர்வனவற்றில் சில ஜெர்சி விலங்குக் காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டன. முதல் பருவத்தில் புயல் எச்சரிக்கையால் பள்ளி மூடப்படும் நாட்கள் குறுக்கிடும். ஆகவே இரண்டாம் பருவமே ஏற்றது; அப்போது கொய்யாவும் பழுத்திருக்கும். பேருந்துக்கு ஒரு நாளுக்கு மட்டுமே பணம் இருந்தால் அது லெ பெத்ரேனுக்கே போகட்டும். சோகை மிதவைச் சோதனையைப் பள்ளி ஆய்வகத்தில் நடத்திக்கொள்ளலாம்.